உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்குவோருக்கு: சட்டமும் ஆய்வகமும் – முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொடங்கிய ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மொத்தச் சொத்தும் பெரும்பாலும் ஒரே ஃப்ரீசருக்குள் அடங்கிவிடும். மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறைந்து கிடக்கும் சில நூறு சிறு குழாய்களையும் அவற்றின் மேல் பேனாவால் எழுதிய சுருக்கப் பெயர்களையும் நம்பித்தான் முதலீடு வருகிறது. முதலீட்டாளரின் சார்பில் சரிபார்க்க வருபவர் அந்தக் குழாய்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டி மூன்று கேள்விகள் கேட்பார்: இது யாருக்குச் சொந்தம், எங்கிருந்து வந்தது, மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா? முதல் இரண்டையும் வழக்கறிஞரிடமும் மூன்றாவதை ஆய்வாளரிடமும் விட்டுவிடலாம் என்று நிறுவனர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றுக்குமான விடை ஒரே பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அது இல்லாத குறையை எவ்வளவு திறமையான வழக்கறிஞராலும் பின்னால் வந்து சரிக்கட்ட முடிவதில்லை.

அந்தப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே உருவாக்குவது எப்படி என்பதுதான் இங்கே சொல்லப்படுகிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், கையெழுத்திடும் முன் அந்தந்த நாட்டு வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் அவரிடம் போனால் கட்டணம் மட்டும்தான் ஏறும்.

முதல் படி: கண்டுபிடிப்பு யாருடையது?

நிறுவனர் பேராசிரியராகவோ, முனைவர் பட்ட மாணவராகவோ, வேறொரு நிறுவனத்தின் ஊழியராகவோ இருக்கும் காலத்தில்தான் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் பிறக்கின்றன. ஆகவே, அந்த வேலையில் சேர்ந்த நாளில் படித்தும் படிக்காமலும் கையெழுத்திட்ட தாள்களைத் தேடி எடுப்பதே முதல் வேலை. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது, வேலை நேரத்துக்கு வெளியே செய்ததும் அதில் அடங்குமா, ஆய்வுக்கு நிதி தந்த அமைப்பு ஏதேனும் உரிமையைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டிருக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு வாரப் பயிற்சிக்காக வேறோர் ஆய்வகத்துக்குப் போனபோது வாசலில் நீட்டப்பட்ட படிவமும் இந்தக் கணக்கில் சேரும்.

இது மிகைப்படுத்தல் அல்ல என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோச் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கே சாட்சி. ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு "மாற்றிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திட்டிருந்தார். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். நுட்பத்தைக் கற்றுக்கொள்ள 1989-இல் செட்டஸ் நிறுவனத்துக்குப் போனபோது, அங்கே கொடுக்கப்பட்ட ரகசியக் காப்புப் படிவத்தில் "இதன்மூலம் மாற்றிக் கொடுக்கிறேன்" என்று இருந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் முறைக்கு ஸ்டான்ஃபோர்டு பின்னர் காப்புரிமை பெற்றது, செட்டஸின் பி.சி.ஆர். தொழிலோ ரோச்சின் கைக்குப் போயிருந்தது. 'சம்மதிக்கிறேன்' என்பது வருங்காலத்துக்கான வாக்குறுதி, 'கொடுக்கிறேன்' என்பது அந்தக் கையெழுத்தோடு நிறைவேறிவிட்ட கைமாற்றம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. அரசு நிதியில் நடந்த ஆய்வு என்பதற்காக மட்டும் உரிமை தானாகவே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு ஊழியரும், ஆலோசகரும், சம்பளமில்லாப் பயிற்சி மாணவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் வினைச்சொல் 'கொடுக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கருத்துக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் இதே விதிதான். 1978-ஆம் ஆண்டின் கடைசி இரவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வகத்திலிருந்து ஜெனன்டெக் நிறுவனத்துக்கு மாறியிருந்த ஓர் ஆய்வாளர், மனித வளர்ச்சி ஹார்மோன் ஆய்வுக்கான டி.என்.ஏ. மாதிரிகளைப் பழைய ஆய்வகத்திலிருந்து எடுத்துச் சென்றார். அந்த ஹார்மோனின் காப்புரிமை குறித்த வழக்கு 1999-இல் 20 கோடி டாலர் சமரசத்தில்தான் முடிந்தது. தாமே உருவாக்கிய பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) என்பதால் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்கும் நிறுவனர்கள் இன்றும் இருக்கிறார்கள். கையால் செய்ததற்கும் சொந்தமாக இருப்பதற்கும் தொடர்பில்லை. எழுத்துபூர்வமான பொருள் மாற்ற ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் குழாயும் பழைய ஆய்வகத்தை விட்டு வெளியே வரக்கூடாது.

அடுத்த சிக்கல், கண்டுபிடிப்பாளர் யார் என்பது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருப்பவரெல்லாம் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் ஆவதில்லை. சொன்ன சோதனையைச் செய்து முடித்தவரைவிட, கருத்து உருவாவதில் பங்கு கொண்டவரைத்தான் சட்டம் தேடுகிறது. மரியாதைக்காகத் துறைத்தலைவரின் பெயரைச் சேர்ப்பதும், பிரிந்துபோன கூட்டாளியின் பெயரை விட்டுவிடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. புற்றுநோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கு அடிப்படையான பி.டி.-1 என்ற புரதம் தொடர்பான காப்புரிமைகளில், நோபல் பரிசு பெற்ற தசுகு ஹோஞ்சோவுடன் இணைந்து பணியாற்றிய இரு ஆய்வாளர்களின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்கள் வழியாக உரிமை அவர்களுடைய நிறுவனங்களுக்கும் போகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இரண்டாம் படி: நிறுவனம், பங்கு, உரிமம்

நிறுவனத்தைப் பதிவுசெய்வது எளிய வேலை. அதைவிட முக்கியம், நிறுவனர்களுக்கிடையே பங்கு எப்படிப் பிரிகிறது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்வது. பங்கை மொத்தமாகக் கொடுத்துவிடாமல், நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகுபவருக்கு எதுவும் சேராதபடியும் அமைப்பது பரவலான வழக்கம். அறிவுசார் சொத்து முழுவதையும் நிறுவனத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்த பிறகே பங்கு கைக்கு வரும் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் வேலையில் இருந்துகொண்டே நிறுவனத்திலும் பங்கு வைத்திருக்கும் பேராசிரியர், அந்த நலன் முரணைத் தம் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அவருடைய மாணவர்கள் சம்பளமின்றி நிறுவன வேலையைச் செய்கிறார்கள் என்பது வெளியே வந்தால் உரிமைச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம் என்று முடிவானால் உரிமம் பெற வேண்டும். பேச்சுவார்த்தையில் எல்லோரும் ராயல்டி விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். என் கணிப்பில் பெரிய தவறுகள் நடப்பது அங்கே அல்ல. தனி உரிமமா பொது உரிமமா, எந்தப் பயன்பாட்டுத் துறைக்கு மட்டும், துணை உரிமம் கொடுக்கும் அதிகாரம் உண்டா, அதே ஆய்வகத்தில் நாளை வரும் மேம்பாடுகள் யாருக்கு, குறித்த காலத்துக்குள் குறித்த இலக்கை எட்டாவிட்டால் உரிமம் பறிபோகுமா என்ற ஐந்தும்தான் நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கெடு வைத்த இலக்குகளை ஏற்கும்போது, அவற்றைப் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளும் வழியையும் கேட்டு வாங்குங்கள். செல்கள் ஒப்பந்தத் தேதியைப் பார்த்து வளர்வதில்லை.

மூன்றாம் படி: வாய் திறக்கும் முன் விண்ணப்பம்

காப்புரிமைச் சட்டத்தின் முதல் விதி புதுமை. உலகில் எங்கேனும் ஏற்கெனவே வெளியானது புதியது ஆகாது, அதை வெளியிட்டவர் நீங்களே ஆனாலும். சில நாடுகள் கண்டுபிடிப்பாளரின் சொந்த வெளியீட்டுக்குச் சலுகைக் காலம் தருகின்றன; ஐரோப்பாவில் மிகக் குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அது கிடையாது. மரபணு வெட்டி ஒட்டும் நுட்பத்தை உருவாக்கிய ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் ஓராண்டுச் சலுகை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1974 நவம்பர் 4 அன்று, ஸ்டான்ஃபோர்டு அவசரமாக விண்ணப்பித்தது. அமெரிக்க உரிமை பிழைத்தது. மற்ற நாடுகளில் காப்புரிமை கேட்கும் வாய்ப்பு கட்டுரை அச்சான அன்றே போய்விட்டது. அமெரிக்கக் காப்புரிமைகள் மட்டுமே 25 கோடி டாலருக்கும் மேல் ஈட்டிக் கொடுத்தன என்பதை வைத்து, இழந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டுரை மட்டும்தான் வெளியீடு என்று எண்ண வேண்டாம். மாநாட்டில் சில நாள்கள் பலகையில் ஒட்டிவைத்த சுவரொட்டி, யாருக்கும் பிரதி கொடுக்காதபோதும், அச்சு வெளியீட்டுக்குச் சமம் என்று 2004-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூலகத்தில் அட்டவணைப்படுத்தி வைத்த ஆய்வேடு, முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிய வரைவு, பொது அரங்கில் நடந்த வாய்மொழித் தேர்வு, முதலீட்டாளர் கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு ஆகிய எல்லாமே ஆபத்துதான். முதலீட்டாளர்கள் பெரும்பாலும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்கள். ஆகவே அவர்களிடம் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்பதை விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு சொல்லுங்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அதே கண்டுபிடிப்புக்கு மற்ற நாடுகளில் விண்ணப்பிக்கவோ, காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின்கீழ் ஒரே சர்வதேச விண்ணப்பமாகத் தாக்கல் செய்யவோ 12 மாதங்கள் உண்டு. பொதுவாக 18-ஆம் மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும். உடன்படிக்கை வழியில் போனால், எந்தெந்த நாடுகளில் தொடர்வது என்பதை 30-ஆம் மாதத்துக்குள், சில அலுவலகங்களில் 31-ஆம் மாதத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும். பெரிய செலவு அங்கேதான் வருகிறது. அடுத்த சுற்று முதலீடு அந்த மாதத்துக்கு முன் கைக்கு வருமாறு திட்டமிடாத நிறுவனங்கள் நல்ல நாடுகளைக் கைவிட நேர்கிறது. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பதால், அரைகுறைச் சான்றுகளோடு மிக முந்தி விண்ணப்பிப்பதும் நட்டமே.

உயிரியலுக்கு மட்டும் உரிய இரண்டு சங்கதிகளை இங்கே சொல்லியாக வேண்டும். இயற்கையில் உள்ளபடியே பிரித்தெடுத்த மரபணுவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது என்று 2013-இல் மிரியட் வழக்கில் முடிவானது. மனிதர் மாற்றியமைத்த பாக்டீரியாவுக்கு உண்டு என்பது 1980-இல் சக்ரவர்த்தி வழக்கிலேயே தீர்ந்துபோன விஷயம். இரண்டாவது, உங்கள் கண்டுபிடிப்பு ஒரு நுண்ணுயிரைச் சார்ந்திருந்து, அதை எழுத்தால் மட்டும் மற்றவர் செய்துபார்க்கும்படி விளக்க முடியாவிட்டால், 1977-இன் புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு எண் விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் நினைவுக்கு வந்தால் நேரம் போதாது.

சொந்தக் காப்புரிமை இருப்பதும், மற்றவர் காப்புரிமையை மீறாமல் தொழில் நடத்த முடிவதும் வேறு வேறு. உங்கள் புரதம் புதியதாக இருக்கலாம். அதை உற்பத்தி செய்யும் செல் வரிசையும் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) மரபணுத் திருத்தக் கருவியும் இன்னொருவரின் காப்புரிமைக்குள் இருக்கலாம். அந்தத் தேடலைப் பொருளின் வடிவம் உறுதியாகும் முன்பே ஒருமுறை செய்துவிட்டால், வேறு கருவிக்கு மாறிக்கொள்ள வழியிருக்கும்.

நான்காம் படி: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும்

கல்வி ஆய்வகங்கள் பிளாஸ்மிடுகளையும் செல்களையும் ஒன்றுக்கொன்று தாராளமாகக் கொடுத்துக்கொள்ளும் பழக்கம் உடையவை. ஆனால் அவை பயன்படுத்தும் சீரான ஒப்பந்தம், 1995-இல் வகுக்கப்பட்டது, பொருளைக் கற்பித்தலுக்கும் கல்விசார் ஆய்வுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. பேராசிரியரின் ஆய்வகத்தில் சட்டப்படி இருந்த பிளாஸ்மிட், அதே பேராசிரியரின் நிறுவனத்துக்குள் நுழைந்தவுடன் ஒப்பந்த மீறலாகிவிடுகிறது. அதிலிருந்து உருவாக்கிய வழித்தோன்றல்களுக்கும் இதே கட்டு தொடரலாம். விற்பனைக்கு வரும் வினைப்பொருள்களின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற உரிமத் தாளையும் படித்து, அதன் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும்.

மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்த உயிரினங்களுக்கு நகோயா நெறிமுறை பொருந்தும். 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்த இது, மரபுவளத்தைத் தரும் நாட்டின் முன்னனுமதியையும் பலனைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டையும் கோருகிறது. சுற்றுலா போன இடத்தில் குப்பியில் அள்ளிவந்த மண்ணிலிருந்து பிரித்த நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், அனுமதித் தாள் இல்லாமல் அதன்மேல் நிறுவனம் கட்டக் கூடாது.

மனித மாதிரிகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ரத்தசோகையோ கட்டியோ எதற்காக எடுத்த மாதிரியானாலும், ஒப்புதல் படிவத்தில் வணிகப் பயன்பாடு, மரபணு வரிசையறிதல், தரவை வேறு நாட்டுக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஜான் மூர் என்ற ரத்தப் புற்றுநோயாளியின் மண்ணீரல் செல்களிலிருந்து அவருக்குத் தெரியாமலேயே ஒரு செல் வரிசையை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார்கள். அகற்றப்பட்ட செல்களின்மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை என்று 1990-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியபோதும், மருத்துவர் தம் வணிக நலனை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறியது. பெயரை நீக்கிவிட்டதால் தனியுரிமைச் சட்டம் பொருந்தாது என்று நினைப்பதும் தவறு. மரபணுத் தொடரே ஆளை அடையாளம் காட்டக்கூடியது.

ஐந்தாம் படி: இடமும் உயிரிப் பாதுகாப்பும்

ஆய்வகத்துக்கு இடம் தேடும் முன், எந்த உயிரிகளோடு வேலை என்பதைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உயிரிப் பாதுகாப்பு நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 பாக்டீரியா போன்றவை முதல் நிலை. மனிதச் செல்கள், ரத்தம், பெரும்பாலான வைரல் வெக்டர்கள் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வைரஸ்கள்) பொதுவாக இரண்டாம் நிலை. மூன்றாம் நிலைக்குத் தனிக் காற்றோட்டமும் தனிக் கட்டுமானமும் வேண்டும் என்பதால், புதிய நிறுவனம் அதைக் கட்டாமல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் ஒப்பந்தத்தில் விடுவதே புத்திசாலித்தனம். மரபணு மாற்றம் செய்யும் வேலைக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவும், விலங்குச் சோதனைக்கு விலங்கு நெறிமுறைக் குழுவும், மனிதர் தொடர்பான ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவும் முன்னனுமதி தர வேண்டும். முன்னனுமதி என்றால் முன்னால்தான். பின்தேதியிட்ட ஒப்புதல் ஒன்று வெளிப்பட்டால் அதற்கு முந்தைய தரவு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பகிர்வு ஆய்வகத்தில் ஒரு மேசையை வாடகைக்கு எடுப்பது தொடக்கத்தில் நல்ல வழி. ஆனால் ஒப்பந்தத்தில், அங்கே உருவாகும் கண்டுபிடிப்பில் இடத்தின் உரிமையாளருக்குப் பங்கு உண்டா, உயிரிக் கழிவை அகற்றும் பொறுப்பு யாருடையது, பக்கத்து மேசைக்காரர் என்ன வைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி ரகசியத்தை மனத்தில் கொண்டு மட்டும் கேட்கப்படுவதல்ல, ஏழாம் படியில் வரும் மைக்கோபிளாஸ்மா என்ற, செல் வளர்ப்பில் தொற்றும் பாக்டீரியாவையும் சேர்த்துத்தான்.

ஆறாம் படி: கருவிகள்

அதிகம் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு கருவிகள் லேமினார் ஃப்ளோ மேசையும் உயிரிப் பாதுகாப்பு கேபினெட்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கிடைமட்ட லேமினார் ஃப்ளோ மேசை வடிகட்டிய காற்றைப் பொருளின்மேல் செலுத்தி, அப்படியே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் வீசும். மனிதச் செல்லையோ வைரஸையோ அதில் கையாளவே கூடாது. இரண்டாம் வகை உயிரிப் பாதுகாப்பு கேபினெட் முன்வாயில் வழியாகக் காற்றை உள்ளிழுத்து, ஆளையும் பொருளையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காக்கிறது. அந்த முன்வாயில் காற்றுத்திரை மிக மென்மையானது. கதவுக்கு எதிரிலோ குளிரூட்டியின் கீழோ வைத்தாலும், முன்பக்கச் சல்லடைமேல் நோட்டுப்புத்தகத்தை வைத்தாலும், உள்ளே பன்சன் சுடரை ஏற்றினாலும் அது கிழிந்துவிடும். நிறுவிய பின்னும், இடம் மாற்றிய பின்னும், ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிபெற்றவரைக் கொண்டு சோதித்துச் சான்று பெற வேண்டும்.

ஃப்ரீசரில் பணத்தை மிச்சப்படுத்தாதீர்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டு உபயோக ஃப்ரீசர், பனியை நீக்க அவ்வப்போது சூடேறுவதால் நொதிகளை மெல்லக் கொல்லும். கரைப்பான்களை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் உள்ளே எழும் சிறு பொறியே தீக்குப் போதும். மைனஸ் 80 ஃப்ரீசர் பழுதாகுமா என்பதல்ல, எப்போது பழுதாகும் என்பதே கேள்வி: தொலைபேசிக்கு அழைக்கும் எச்சரிக்கைக் கருவியும், அந்த அழைப்பை எடுக்க வேண்டிய ஆளின் பெயரும், மாற்ற வேண்டிய காலி இடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஈடில்லாத மாதிரிகளின் பாதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி என்பதை எல்லோரும் அறிவர். அது ஆவியானால் ஒரு லிட்டர் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும் என்பது மறந்துபோகிறது. மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே நினைவு போய்விடும் என்பதால், 19.5 விழுக்காட்டுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் அலறும் உணரியைப் பொருத்துவது அவசியம். மூடி சரியில்லாத குழாய்க்குள் திரவம் புகுந்திருந்தால், வெளியே எடுத்துச் சூடேறும்போது அது வெடிக்கும். முகக் கவசம் அதற்காகத்தான்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம் என்ற பாடப்புத்தகக் கணக்கு, சூடு உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குவது. இறுக்கிக் கட்டிய கழிவுப் பையின் நடுவில் அந்தச் சூடு ஏற நெடுநேரம் ஆகும். பையின்மேல் நிறம் மாறிய பட்டையை மட்டும் நம்பாமல், வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துக்களைப் பைக்கு நடுவில் வைத்து அவ்வப்போது சோதிக்க வேண்டும். பிளீச் கலந்த கழிவை அதற்குள் வைக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

ஏழாம் படி: செல் வங்கி

குழாயின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்ற கேள்வி இங்கேதான் தீர்கிறது. தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வரிசைகளுக்கான சர்வதேசப் பட்டியலில் 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கல்லீரல் செல் என்று ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்ட 'சாங் லிவர்' உண்மையில் 1951-இல் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து உருவான ஹீலா. மார்பகப் புற்றுச் செல்லாகப் பயன்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 உண்மையில் மெலனோமா. இதைக் கண்டறிய எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனை போதும். அதன் செலவு, தவறான செல்லில் வீணாகும் ஒரு வாரச் செலவைவிடக் குறைவு.

மைக்கோபிளாஸ்மா வேறு விதமான எதிரி. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு மசியாது; மிகச் சிறியது என்பதால் வழக்கமான வடிகட்டியைத் தாண்டும்; வளர்ப்பூடகத்தைக் கலங்கடிக்காது. செல்கள் சாவதில்லை, கொஞ்சம் மாறி நடந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அந்த மாற்றத்தை மருந்தின் விளைவு என்று எண்ணி ஆய்வாளர் மகிழ்ந்துகொண்டிருப்பார். ஆகவே புதிதாக வரும் செல் எதுவானாலும் தனி இன்குபேட்டரில் ஒதுக்கிவைத்து, மைக்கோபிளாஸ்மாவும் எஸ்.டி.ஆரும் சோதித்த பிறகே பொது இன்குபேட்டருக்குள் வர வேண்டும். வளர்ப்பில் இருப்பவற்றை மாதந்தோறும் சோதிக்க வேண்டும்.

சோதனையில் தேறிய செல்லைக் குறைந்த தலைமுறை எண்ணிலேயே பெருக்கி, ஒரே நாளில் ஒரே தொகுதியாக உறையவைத்து முதன்மை வங்கி ஆக்குங்கள். 20 குழாய்கள் என்பது தொடக்கத்துக்குப் போதும். உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைப் பத்து விழுக்காடு கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விப்பது பெரும்பாலான செல்களுக்கு ஒத்துவரும். முதன்மை வங்கியின் ஒரு குழாயிலிருந்து பணி வங்கி. அன்றாடச் சோதனைக்குப் பணி வங்கி மட்டும். ஒரு குழாயை உருக்கிச் செல்கள் உயிரோடு எழுகின்றனவா என்று பார்க்காத வரை வங்கி இருப்பதாகக் கணக்கு வைக்காதீர்கள். வளர்ப்பூடகத்தில் சேர்க்கும் கன்றுச் சீரத்தின் தொகுதி எண்ணையும் அது வந்த நாட்டின் சான்றையும் இப்போதே கோப்பில் சேருங்கள்; பல ஆண்டுகள் கழித்து மருந்து ஒழுங்குமுறை அதிகாரி கேட்பார், அப்போது அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

எட்டாம் படி: குறிப்பேடு

நான் பார்த்த ஒரு சிறு ஆய்வகத்தின் பெட்டியில் 'பி3 புதியது', 'பி3 நல்லது', 'பி3 கடைசி', 'பி3 உண்மையான கடைசி' என்று நான்கு குழாய்கள் இருந்தன. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நான்கையும் வரிசையறிதலுக்கு அனுப்பியதில் இரண்டு ஒன்றேதான் என்றும், மற்றொன்றில் எதிர்பாராத திடீர்மாற்றம் இருப்பதாகவும் தெரியவந்தது. காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த தரவு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

குழாயின் மேல் பெயர் வேண்டாம், எண் போதும். அந்த எண் பதிவேட்டில் ஒரு வரியைத் திறக்க வேண்டும்: எதிலிருந்து உருவானது, யார், எந்த நாள், குறிப்பேட்டின் எந்தப் பக்கம், எந்த ஒப்பந்தத்தின்கீழ், எந்தச் சோதனையில் தேறியது. குறிப்பேட்டை யார் எழுதினார் என்பது தெரியும்படியும், படிக்கும்படியும், வேலை நடக்கும்போதே, மூலப் பதிவாக, பிழையின்றி எழுத வேண்டும். தவறை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அழிப்பதோ தாளைக் கிழிப்பதோ கூடாது. மின்னணுக் குறிப்பேடு என்றால் யார் எப்போது எதை மாற்றினார் என்பதைத் தானே பதியும் வசதி உள்ளதாக இருக்கட்டும். கருவி தரும் மூலக்கோப்பை அப்படியே பூட்டிவைத்துவிட்டு, நகலில்தான் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

தோற்ற சோதனைகளையும் எழுதுங்கள். 2012-இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புற்றுநோயியலில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்க்க முயன்று, ஆறில் மட்டுமே முடிவை உறுதிசெய்ய முடிந்ததாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பெரிய மருந்து நிறுவனங்கள் உங்கள் வரைபடத்தைப் பார்த்து மயங்குவதில்லை. முக்கியச் சோதனையை உங்களுக்குத் தொடர்பில்லாத ஆய்வகம் ஒன்று, எந்தக் குழாயில் மருந்து என்று அறியாமலே செய்து காட்டியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் முன் அதற்குச் செலவழிப்பது மேல்.

ஒன்பதாம் படி: தர நெறிகள், அனுப்புதல்

ஆரம்ப ஆய்வுக்குக் கண்டிப்பான தர நெறி கிடையாது. மனிதரிடம் சோதிக்க அனுமதி கேட்பதற்கான விலங்கு நச்சுத்தன்மை ஆய்வு நல்ல ஆய்வக நடைமுறையின்படியும், மனிதருக்குக் கொடுக்கும் பொருளின் தயாரிப்பு நல்ல உற்பத்தி நடைமுறையின்படியும், மருத்துவச் சோதனை நல்ல மருத்துவச் சோதனை நடைமுறையின்படியும் நடக்க வேண்டும். இவற்றை ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுப்பீர்கள். ஆனாலும் ஆய்வின் பொறுப்பு ஒப்பந்தத்தோடு கைமாறுவதில்லை. மூலத்தரவு உங்களுக்குச் சொந்தம், நேரில் வந்து தணிக்கை செய்யும் உரிமை உண்டு, மேம்பாடுகள் உங்களுக்கே என்ற மூன்று வரிகளும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

மாதிரியை விமானத்தில் அனுப்புவது கூரியர் வேலை அல்ல, ஆபத்தான சரக்குச் சட்டம் சார்ந்தது. நோயாளியின் மாதிரிகள் பெரும்பாலும் பி வகையைச் சேர்ந்த யு.என். (ஐ.நா. சரக்கு எண்) 3373, மரபணு மாற்றிய உயிரிகள் யு.என். 3245, உலர்பனி யு.என். 1845. கசியாத உள்கலம், உறிஞ்சுபொருளோடு இரண்டாவது கலம், உறுதியான வெளிப்பெட்டி என மூன்றடுக்கு வேண்டும். உலர்பனியைக் காற்றுப் போகாமல் மூடினால் பெட்டி வெடிக்கும்.

பத்தாம் படி: பத்துக் குழாய்கள்

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஆய்வக வேலையில் இல்லாத ஒருவரிடம் பதிவேட்டிலிருந்து பத்து எண்களைக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழாயும் குறித்த இடத்தில் இருக்கிறதா, அதன் குறிப்பேட்டுப் பக்கம் திறக்கிறதா, பொருள் மாற்ற ஒப்பந்தமோ வாங்கிய ரசீதோ கோப்பில் உள்ளதா, அதைச் செய்தவர் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறாரா, கடைசி அடையாளச் சோதனை எப்போது என்ற ஐந்தையும் அவர் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று யாரும் விளக்கக் கூடாது. முதல் மாதத்தில் பத்தில் மூன்று நான்கு தேறினாலே அதிகம். தேறாத குழாய்க்குச் சிவப்புப் பட்டை ஒட்டித் தனித் தட்டில் வையுங்கள். அதன் தாள் கிடைக்கும்வரை எந்தச் சோதனைக்கும் அதை எடுக்கக் கூடாது, அது நிறுவனரே தம் கையால் செய்த குழாயாக இருந்தாலும்.